மிக இலகுரக ஜெட் விமானம் ஓட்டுதல்

மிக இலகுரக ஜெட் விமானம் என்பது நான்கு முதல் ஏழு பேர் வரை அமரக்கூடிய, ஒரே விமானியால் இயக்கலாம் எனச் சான்று பெற்ற சிறிய தாரை வானூர்தி ஆகும். இவற்றின் பெரும எடை பொதுவாக 10,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4,540 கிலோகிராம் அளவில் அமையும். பெரிய நிறுவனங்களின் ஜெட் விமானங்களைச் சம்பளம் பெறும் இரு விமானிகள் சேர்ந்து ஓட்டுவார்கள். மிக இலகுரக ஜெட்டோ அதன் உரிமையாளரே ஓட்டிச் செல்லலாம் என்ற எண்ணத்துடன் வடிவமைக்கப்பட்டது. எனவே இதை ஓட்டப் பயில்பவர்களில் பலர் தொழில்முறை விமானிகள் அல்லர். வணிகர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள் முதலானோர்.

ஓட்டுதல், இயக்குதல் என்னும் இரு சொற்களை இங்கு வேறுபடுத்திக்கொள்வது பயன்தரும். மேலே எழுப்புவது, திருப்புவது, இறக்குவது ஆகியவை ஓட்டுதல். எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளுடன், எந்த வானிலையில் செல்வது, எப்போது செல்லாமல் இருப்பது என்பன இயக்குதல். ஓட்டுவதைப் பொறுத்தவரை இவ்விமானங்கள் பல இரட்டைப் பொறிக் காற்றாடி விமானங்களைவிட எளியவை. இயக்குவதைப் பொறுத்தவரை அப்படியன்று. பெரிய விமானத்தில் இருவரும், அவர்களுக்குப் பின்னே ஓர் அலுவலகமும் செய்யும் வேலையை இங்கே ஒருவரே செய்ய வேண்டும். நடந்த விபத்துகளில் குறிப்பிடத்தக்கவை இந்த இரண்டாம் பகுதியிலேயே தொடங்கியுள்ளன.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் அடங்கிய காவிரிப் படுகையிலிருந்து எடுக்கப்பட்டவை. மலையில்லாத, கடலோரச் சமவெளியான இப்பகுதி பறப்பதற்கு எளிய இடம்போலத் தோன்றும். ஆனால் வெப்பம், வடகிழக்குப் பருவமழை, நீர் நின்ற வயல்களில் கூடும் பறவைகள், அருகருகே அமைந்த குடிசார் மற்றும் படைத்துறை வான்தளங்கள் என ஒரு விமானி எண்ணிப்பார்க்க வேண்டிய அனைத்தும் இங்கு உள்ளன.

வரலாறு

சிறிய ஜெட் விமானங்கள் புதியவை அல்ல. செஸ்னா நிறுவனத்தின் முதல் சைட்டேஷன் விமானம் 1972 இல் விற்பனைக்கு வந்தது. ஒற்றை விமானிக்குரிய அதன் வகை 1977 இல் வந்தது. எனினும் ‘மிக இலகுரகம்’ என்ற எண்ணத்துக்கு வழிவகுத்தது சிறிய சுழல்விசிறித் தாரைப் பொறிகளின் வருகையே. 1990களின் நடுவில் நாசா நடத்திய பொதுப் பறப்புத் திட்டங்களின் துணையுடன் வில்லியம்ஸ் நிறுவனம் இத்தகைய பொறியொன்றை உருவாக்கியது. அதற்காக உருவாக்கப்பட்ட வி-ஜெட் 2 என்னும் மாதிரி விமானம் 1997 இல் ஆஷ்காஷ் வான்காட்சியில் காட்டப்பட்டது.

1998 இல் தொடங்கப்பட்ட எக்லிப்ஸ் நிறுவனம், பத்து இலட்சம் டாலருக்கும் குறைவான விலையில் ஜெட் விமானம் தருவதாக அறிவித்தது. முதலில் தேர்ந்தெடுத்த பொறி சரிவராததால் பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் பொறிக்கு மாற நேர்ந்தது. அதில் ஆண்டுகள் கழிந்தன. எக்லிப்ஸ் 500, செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங் இரண்டும் 2006 செப்டம்பரில் அமெரிக்கச் சான்று பெற்றன. இவ்விமானங்களை வாடகைக் கார்போல ஓட்டலாம் என்ற நம்பிக்கையில் புளோரிடாவில் டேஜெட் என்னும் நிறுவனம் 2007 இல் சேவை தொடங்கி, 2008 செப்டம்பரில் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் எக்லிப்ஸ் நிறுவனமும் திவால் மனு அளித்தது. வானம் முழுதும் குட்டி ஜெட்டுகளால் நிறையும் என்று அக்காலத்தில் எழுதப்பட்டவற்றை இன்று படித்தால் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

ஆயினும் விமானங்கள் நிலைத்தன. மஸ்டாங் 2017 வரை உற்பத்தியில் இருந்தது. பிரேசிலின் எம்பரேயர் பீனம் 100 விமானம் 2008 டிசம்பரிலும், இறக்கையின் மேலே பொறிகளைக் கொண்ட ஹோண்டாஜெட் 2015 டிசம்பரிலும், ஒரே பொறியுடைய சிர்ரஸ் விஷன் 2016 அக்டோபரிலும் சான்று பெற்றன. பீனம், ஹோண்டாஜெட் இரண்டும் 10,000 பவுண்டைச் சற்றுத் தாண்டினாலும் இவ்வகையிலேயே சேர்த்துப் பேசப்படுகின்றன.

உரிமமும் பயிற்சியும்

தமிழ்நாட்டில் குடிமக்கள் பறக்கக் கற்பது 1930 இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் பறத்தல் கழகத்தின் காலத்திலிருந்தே நடந்துவருகிறது. ஜெட் பயிற்சியோ நெடுங்காலம் வான்படைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. விமானிகளுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் இந்திய வான்படைப் பள்ளி தாம்பரத்தில் உள்ளது. அங்கும் பிற தளங்களிலும் பயன்பட்ட கிரண் என்னும் பயிற்சி ஜெட், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்து 1964 இல் முதன்முதலாகப் பறந்தது.

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆகும். தனியார் விமானி உரிமம் பெற 17 வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், மருத்துவத் தகுதியும், குறைந்தது 40 மணிநேரப் பறப்பும் வேண்டும். வான்விதிகள், வழிகாண் முறை, வானிலையியல் முதலிய பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனி உரிமம் தேவை. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும், இயற்பியல் கணிதத்துடன் பன்னிரண்டாம் வகுப்பும், 200 மணிநேரப் பறப்பும் தேவைப்படும். தனியார் உரிமம் உடையவர் தம் விமானத்தைத் தாமே ஓட்டலாம்; அதற்குக் கூலி பெறலாகாது.

ஆனால் இந்த உரிமம் ஒரு வாசற்படி மட்டுமே. ஜெட் விமானம் பறக்கும் உயரங்களில் கண்ணால் தரையைப் பார்த்துச் செல்வதில்லை. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியைத் தனியே பெற வேண்டும். இரட்டைப் பொறி விமானங்களுக்கான தகுதி அடுத்தது. அதன்பின் குறிப்பிட்ட அந்த விமான மாதிரிக்கே உரிய வகைத்தகுதி பெற வேண்டும். மஸ்டாங் ஓட்டக் கற்றவர் அந்தத் தகுதியைக் கொண்டு பீனம் ஓட்ட முடியாது. இவ்வகைத்தகுதிப் பயிற்சியின் பெரும்பகுதி சிமுலேட்டர் எனப்படும் போலி விமானி அறையில் நடக்கிறது. பொறி தீப்பற்றுதல், ஓடுபாதையில் பாதி தூரம் சென்றபின் ஒரு பொறி நின்றுபோதல், அறைக்காற்று வெளியேறுதல் போன்றவற்றை உண்மை விமானத்தில் பயில்வது ஆபத்து. சிமுலேட்டரில் அவற்றை ஒரே காலைப்பொழுதில் பலமுறை பயிலலாம்.

இறுதித் தேர்வில் வெற்றி பெற்றாலும், காப்பீட்டு நிறுவனங்கள் புதியவரைத் தனியே விடுவதில்லை. அனுபவமுள்ள வழிகாட்டி விமானி ஒருவருடன் சில பத்து மணிநேரமாவது பறந்த பின்னரே தனித்துப் பறக்க ஒப்புக்கொள்வது வழக்கம். சட்டம் கேட்பதைவிடக் காப்பீடு அதிகம் கேட்பது இத்துறையின் இயல்பாகவே ஆகிவிட்டது.

காற்றாடியிலிருந்து தாரைக்கு

கற்பவர் பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற ஒற்றைக் காற்றாடி விமானத்தில் தொடங்குகிறார். காவிரிப் படுகையில் இத்தகைய விமானத்தில் கண்ணால் வழிகண்டு பறப்பது நல்ல பயிற்சியாகும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதும், திருவரங்கத் தீவும், கல்லணையும் தெளிவாகத் தெரியும். அதற்குக் கிழக்கே வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எனக் கிளைகள் பெருகிவிடுகின்றன. சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் ஒரே பச்சைப் பரப்பில் ஓர் ஆற்றை மற்றோர் ஆற்றிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. அகன்ற மணற்படுகையுடைய கொள்ளிடமே நம்பத்தக்க அடையாளம்.

கல்லணையிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மணிக்கு 110 நாட் வேகத்தில் செல்லும் சிறு விமானம் இதைக் கடக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். 340 நாட் வேகத்தில் செல்லும் மஸ்டாங்குக்குப் பதினொரு நிமிடம் போதும். விமானியின் சிந்திக்கும் வேகம் மட்டும் மூன்று மடங்கு ஆவதில்லை. எனவே ஜெட் பயிற்சியின் முதற்பாடம், விமானத்துக்கு முன்னே சிந்திப்பது என்பதாகும்: அடுத்த பத்து நிமிடத்தில் தேவைப்படும் வானொலி அலைவரிசை, இறங்கு பாதை, வேகங்கள் அனைத்தையும் இப்போதே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

இயந்திர இயல்பிலும் வேறுபாடுகள் உண்டு. காற்றாடி விமானத்தில் விசையைக் கூட்டியவுடன் காற்றாடி இறக்கையின் மீது காற்றை வீசி உடனே ஏற்றவிசையைத் தரும்; விசையைக் குறைத்தால் அதே காற்றாடி தடையாக நின்று வேகத்தைத் தணிக்கும். தாரைப் பொறியில் இவ்விரண்டும் இல்லை. விசை நெம்புகோலை முன்னே தள்ளினால் பொறி சுழற்சியைக் கூட்டிக்கொள்ளச் சில நொடிகள் ஆகும். பின்னே இழுத்தாலோ வழவழப்பான உடலமைப்பு காரணமாக விமானம் எளிதில் வேகம் குறையாது. உயரமாகவும் வேகமாகவும் வந்துவிட்ட ஜெட் விமானத்தை ஓடுபாதைக்கு முன் சரிசெய்வது கடினம். ஆகவே தரையிலிருந்து 1,000 அடி அல்லது 500 அடி உயரத்தை எட்டும்போது வேகம், இறங்கு வீதம், சக்கரம், இறக்கை மடல் யாவும் சரியாக இருக்க வேண்டும். இல்லையெனில் வாதமின்றி மீண்டும் மேலெழும்பிச் சுற்றிவர வேண்டும் என்பது விதியாகக் கற்பிக்கப்படுகிறது.

திருச்சியிலிருந்து சென்னைக்கு

ஒரு குறுகிய பயணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இயக்குதலின் சிக்கல் விளங்கும். தஞ்சாவூரில் வசிக்கும் ஒருவரிடம் இத்தகைய ஜெட் இருப்பதாகக் கொள்வோம். அவர் தம் ஊர் வான்தளத்திலிருந்து கிளம்ப முடியாது. 1940களின் போர்க்காலத்தில் அமைந்த தஞ்சாவூர் வான்தளம் இன்று இந்திய வான்படைக்கு உரியது. அது 2013 மே மாதத்தில் வான்படை நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222 ஆம் அணி அங்கு நிலைகொண்டது. முன் அனுமதியின்றித் தனியார் விமானம் அங்கே இறங்கலாகாது. உயிராபத்தான நெருக்கடி நேர்ந்தால் மட்டும் அருகிலுள்ள எந்தத் தளத்தையும் விமானி நாடலாம். ஆகவே நம்மவர் திருச்சி விமான நிலையத்துக்கே செல்கிறார். இரு தளங்களுக்கும் இடையே நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. போர் விமானங்களின் வான்வெளி இவ்வளவு அருகில் இருப்பதால், கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரத்தையும் திசையையும் பிழையின்றிக் கடைப்பிடிப்பது இங்குக் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. கிளம்பும் முன் பறப்புத் திட்டம் அளித்து வான்பாதுகாப்பு ஒப்புதல் எண் பெறுவதும் நடைமுறை.

திருச்சியிலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 160 கடல் மைல். ஜெட் பொறி 35,000 அடிக்கு மேலேதான் சிக்கனமாக இயங்கும். தாழ்வான உயரத்தில் எரிபொருளை விழுங்கும். ஆகவே மேலே செல்வதே நல்லது என்று தோன்றும். ஆனால் நிறைந்த எடையுடன் மஸ்டாங் 35,000 அடியை எட்டச் சுமார் 25 நிமிடம் ஆகும். அதற்குள் 90 கடல் மைல் போல் கடந்திருக்கும். இறங்குவதற்கு 1,000 அடிக்கு மூன்று கடல் மைல் என்பது நடைமுறைக் கணக்கு. 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 195. பாதையோ 160 தான். அதாவது மேலே போய்ச் சேரும் முன்பே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

25,000 அடியைத் தேர்ந்தால் ஏறுவதற்கு 47, இறங்குவதற்கு 75 கடல் மைல் எனக் கொள்ளலாம். இடையே சமமாகப் பறப்பது 38 கடல் மைல், ஏழு நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஏழு நிமிடத்தில் சென்னையின் வானிலை அறிக்கையைக் கேட்டு, இறங்கு முறையைக் கணினியில் பதிந்து, வேகங்களைக் கணக்கிட்டு, சரிபார்ப்புப் பட்டியலை முடித்து, இடையிடையே கட்டுப்பாட்டாளருக்குப் பதிலும் சொல்ல வேண்டும். நெடும்பயணத்தைவிடக் குறும்பயணமே தனி விமானிக்குக் கடினம் என்று பயிற்றுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான். தரையிலேயே செய்துவைக்கக்கூடிய வேலை எதையும் வானத்துக்கு எடுத்துச்செல்லாமல் இருப்பதே இதற்கு மாற்று.

எடைக் கணக்கும் உண்டு. மஸ்டாங் எழும்பக்கூடிய பெரும எடை 3,921 கிலோகிராம். இறங்கக்கூடிய பெரும எடை 3,629. இடைவெளி 292 கிலோகிராம். நிறைந்த எடையுடன் திருச்சியில் கிளம்பினால், சென்னை சேர்வதற்குள் அவ்வளவு எரிபொருள் செலவாகாமல் போகலாம். அப்போது இறங்கக்கூடாத எடையுடன் வந்து நிற்க நேரும். இது சிறு விமானத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நீர்ம அழுத்தக் கோளாறு ஏற்பட்டு, எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணிநேரத்துக்கும் மேலாக வட்டமிட்டு, 141 பேருடன் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. மிக இலகுரக ஜெட்டில் இதன் மறுபக்கமும் உண்டு: தொட்டியை முழுதும் நிரப்பினால் எல்லா இருக்கைகளையும் நிரப்ப இயலாது. குடும்பத்தில் யாரை விட்டுச்செல்வது, அல்லது வழியில் எங்கே எரிபொருள் நிரப்புவது என்பது கிளம்பும் முன் முடிவாக வேண்டிய கேள்வி.

வெப்பநாட்டில் உறைபனி

முப்பத்தைந்து பாகை வெப்பத்தில் வியர்வையுடன் விமானத்தில் ஏறுபவருக்கு உறைபனி நினைவுக்கு வராது. ஆனால் வெப்ப மண்டலத்தில் ஏறத்தாழ 16,000 அடிக்கு மேலே காற்று உறைநிலைக்குக் கீழே செல்கிறது. அதற்கும் 27,000 அடிக்கும் இடைப்பட்ட மேகங்களில் உறைநிலைக்குக் கீழும் உறையாமல் நிற்கும் நீர்த்துளிகள், இறக்கையில் பட்டவுடன் பனிக்கட்டியாகப் படிகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படுகையின் மீது கவியும் மழைமேகங்களில் இந்த அடுக்கு தடித்திருக்கும். மேலே கணக்கிட்ட 25,000 அடிப் பயணம் இந்த அடுக்குக்குள்ளேயே அமைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பயணத்தின் குறுகிய தூரமே விமானியைப் பனிபடியும் உயரத்தில் நிறுத்துகிறது.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் நகரில் 2014 டிசம்பர் 8 அன்று நடந்த பீனம் 100 விபத்து சான்றாகும். உறைபனி படியும் மேகங்களினூடே இறங்கிவந்த விமானி, இறக்கையிலும் வாலிலும் படியும் பனியை நீக்கும் அமைப்பை இயக்கவில்லை. விமானம் தூய இறக்கைக்குரிய குறைந்த வேகத்தில் வந்தது. பனி படிந்த இறக்கை ஏற்றவிசையை இழக்க, ஓடுபாதையை எட்டும் முன் வீடுகளின் மீது விழுந்தது. விமானத்திலிருந்த மூவரும், வீடொன்றில் இருந்த ஒரு தாயும் அவரது இரு சிறு குழந்தைகளும் இறந்தனர்.

அந்த விமானிக்கு உயர்நிலை உரிமம் இருந்தது. கைத்திறன் குறைந்தவர் அல்லர். பனிநீக்கியை இயக்கினால் கைக்கொள்ள வேண்டிய இறங்கு வேகம் கூடும். வேகம் கூடினால் நிற்கத் தேவையான தூரமும் கூடும். அங்கிருந்த ஓடுபாதையின் நீளமோ சுமார் 1,280 மீட்டர்தான். பனிநீக்கி இயங்கும்போது மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடும் இதனால் பயனற்றுப்போனது. நீளமான ஓடுபாதையுள்ள வேறொரு தளத்தைக் கிளம்பும் முன்பே தேர்ந்திருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இராது. விசை ஒன்றை அழுத்த மறந்த கதையாக இதைச் சொல்வதைவிட, எந்த ஊரில் இறங்குவது என்ற முடிவின் கதையாகச் சொல்வதே சரி.

மழையும் ஓடுபாதையும்

மிக இலகுரக ஜெட்டுகளில் பொதுவாக எதிர்த்திசை உந்துவிசை அமைப்பு இல்லை. எடையும் விலையும் கூடும் என்பதால் விட்டுவிட்டார்கள். இறங்கியபின் நிற்பது சக்கரத் தடையை நம்பியே. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 90 நாட்டுக்குப் பதில் 99 நாட் வேகத்தில் இறங்கினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடிவிடும். ஈர ஓடுபாதையில் சக்கரம் நீரின்மேல் சறுக்கத் தொடங்கும் வேகத்துக்கும் ஒரு தோராய வாய்பாடு உண்டு: சக்கரக் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குப் பவுண்டு அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் அளவில் கிடைக்கும். அழுத்தம் 100 எனில் 90 நாட். ஏறத்தாழ இறங்கும் வேகமே. கனமழை பெய்துகொண்டிருக்கும்போது இறங்காமல், மேகம் நகரும் வரை அரைமணி நேரம் காத்திருக்கப் போதிய எரிபொருள் வைத்திருப்பதே இதற்குச் சிறந்த மருந்து.

இடிமேகங்களைத் தாண்டி மேலே பறக்கலாம் என்று எண்ணவும் இடமில்லை. வெப்ப மண்டல இடிமேகங்கள் 50,000 அடி வரை வளரும். இவ்விமானங்களின் உச்சவரம்பு 43,000 அடி அல்லது அதற்கும் குறைவு. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல் போன்ற நாள்களில் செய்யக்கூடியது ஒன்றே: விமானத்தை முன்கூட்டியே வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவது அல்லது கொட்டகையில் கட்டிவைப்பது.

கோடையிலோ வெப்பம் வேறுவிதமாகத் தாக்குகிறது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் பொறிக்கும் அது உயரமான இடத்துக் காற்றைப் போன்றது. திருச்சி விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 88 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெப்பம் 40 பாகையை எட்டும் சித்திரை மதியத்தில், விமானத்தின் கணக்குக்கு அது ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், அதாவது பெங்களூரைவிடச் சற்று உயர்ந்த இடம். கடல்மட்டத்தில் இயல்பான வெப்பநிலையில் 950 மீட்டரில் எழும்பும் மஸ்டாங்குக்கு அப்போது கூடுதல் தூரம் வேண்டும். திருச்சியின் 2,480 மீட்டர் ஓடுபாதையில் இது பொருட்டன்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் உள்ள புதுச்சேரியில் கணக்குப் போடாமல் கிளம்புவது தவறு.

பறவைகள்

நடவுக்காக நீர் கட்டிய வயல்களில் கொக்கு, மடையான், நாரை, அரிவாள்மூக்கன் ஆகியவை கூட்டமாக இறங்குகின்றன. கோடியக்கரையின் சதுப்புநிலத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகள் வருகின்றன. பறவை மோதல்கள் பெரும்பாலும் தாழ்ந்த உயரங்களில், எழும்பும்போதும் இறங்கும்போதும் நிகழ்பவை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டத்தில் சிக்கி இரு பொறிகளையும் இழந்த ஏர்பஸ் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியதைப் பலர் அறிவர். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற விதிக்குள்ளும், பறவை மிகுந்த இடங்களில் இன்னும் மெதுவாகச் செல்வதும், விரைவாக உயரம் ஏறுவதும் நல்ல பழக்கங்கள்.

மூச்சுக்காற்று

அறையிலுள்ள காற்றழுத்தம் திடீரென வெளியேறினால், தெளிவாகச் செயற்படக் கிடைக்கும் நேரம் 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடம். 35,000 அடியில் அரை முதல் ஒரு நிமிடம். 40,000 அடியில் 15 முதல் 20 நொடி. இருவர் இருந்தால் ஒருவர் தடுமாறுவதை மற்றவர் காண்பார். தனி விமானியின் தடுமாற்றத்தைக் காண யாருமில்லை. ஆக்சிசன் குறையும்போது மனிதருக்கு அச்சம் தோன்றுவதில்லை, மாறாக எல்லாம் நன்றாக இருப்பதுபோன்ற உணர்வே தோன்றும். ஆகவே ஐயம் எழுந்த கணமே முகமூடியை அணிந்து, பின்னர் காரணம் தேடுவது என்னும் வரிசை சிமுலேட்டரில் மீண்டும் மீண்டும் பழக்கப்படுத்தப்படுகிறது.

கணினியும் தனி விமானியும்

ஒருவரே இயக்கலாம் என்று சான்றளிக்க முடிந்ததற்குக் காரணம் கணினிமயமான விமானி அறையே. தன்னியக்க ஓட்டி இரண்டாம் விமானியின் இடத்தில் நிற்கிறது. அதுவும் பழுதாகக்கூடியது. 2008 ஜூன் மாதத்தில் சிகாகோ மிட்வே நிலையத்தில் இறங்கிய எக்லிப்ஸ் 500 ஒன்றில், காற்றுவீச்சைச் சமாளிக்க விமானி நெம்புகோல்களை வேகமாக முன்னே தள்ள, மென்பொருள் அதைக் கோளாறாகக் கருதி இரு பொறிகளையும் பெரும விசையிலேயே நிறுத்திவிட்டது. மேலெழும்பிச் சென்று, கையேட்டைப் பார்த்து ஒரு பொறியை நிறுத்தி, திரும்பவந்து இறங்கினார்கள். சக்கரங்கள் வெடித்தன, உயிர்ச்சேதம் இல்லை. அன்று அந்த அறையில் இருவர் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சிர்ரஸ் விஷன் விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் வான்குடை கொண்டது. 2020 முதல் அதில் மற்றோர் ஏற்பாடும் வந்தது: விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், விமானமே தக்க தளத்தைத் தேர்ந்து, வானொலியில் அறிவித்து, இறங்கி நிற்கும். உடன்செல்லும் குடும்பத்தினருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் கிளம்பலாமா வேண்டாமா என்பதை இந்தப் பொத்தான் முடிவு செய்யாது.

உரிமையும் செலவும்

இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கான விமானங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக 2025 செப்டம்பரில் உயர்த்தப்பட்டது. இதனுடன் காப்பீடு, கொட்டகை வாடகை, பராமரிப்பு, ஆண்டுதோறும் சிமுலேட்டருக்குத் திரும்பும் செலவு ஆகியவை சேரும். எரிபொருளில் மட்டும் ஒரு வசதி: பயிற்சி விமானங்களுக்கான விமானப் பெட்ரோல் சில நிலையங்களிலேயே கிடைக்கிறது, ஜெட்டுக்கான எரிபொருள் பயணிகள் விமானம் வந்துபோகும் பெரும்பாலான நிலையங்களிலும் கிடைக்கும். தனியார் வகையில் பதிவான விமானத்தில் கட்டணம் பெற்றுக்கொண்டு யாரையும் ஏற்றிச்செல்ல முடியாது. அதற்கு வேறு அனுமதியும், வணிக உரிமம் பெற்ற விமானிகளும் வேண்டும்.